நிழல் எதிர்வீட்டுக்கு, குப்பை எங்கள் வீட்டுக்கு

என் வேலையை இப்போது சுகன்யா பார்க்கிறாள். நான் ஓய்வுபெற்ற அன்று என் மேசையை, அதன் ஆடுகிற காலோடும் அந்தக் காலுக்கு அண்டை கொடுத்திருந்த அட்டையோடும் சேர்த்து, அவளிடம்தான் ஒப்படைத்துவிட்டு வந்தேன். கெட்டிக்காரப் பெண். போன வாரம் போன் செய்தாள்.

"சார், இனிமே மனைப்பிரிவுல மரம் வெச்சிருக்காங்களான்னு நாம நேர்ல போய்ப் பார்க்க வேணாம். புரமோட்டரே போட்டோ எடுத்து ஆப்ல ஏத்திடுவாரு. எந்த எடத்துல எடுத்ததுன்னு அதுவே காட்டிடும். உட்கார்ந்த எடத்துலயே ஓகே குடுத்துடலாம்."

குரலில் அவ்வளவு சந்தோஷம். வெயிலில் அலைந்தவனுக்குத்தான் அந்தச் சந்தோஷம் புரியும், எனக்கும் புரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மரத்தைப் போட்டோ எடுத்தா மரம் தெரியும்மா. அதுக்கடியில யாரு பெருக்குறாங்கன்னு தெரியுமா?" என்றேன்.

"யாரு சார் பெருக்குறாங்க?"

"அது பெரிய கதை."

"எழுதிக் குடுங்க சார், படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மரியாதைக்குச் சொன்னதுதான். ஓய்வுபெற்றவனிடம் மரியாதைக்குக்கூட அப்படிச் சொல்லக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் நகரமைப்பு வேலைக்கு வந்தது வரைபடம் போடுகிறவனாக. ஒருவர் நிலம் வாங்கி, மனைகளாகப் பிரித்து விற்க வேண்டுமென்றால் தெரு எங்கே, பூங்கா எங்கே, மரம் எங்கே என்று வரைபடத்தில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அதில் மரம் என்பது ஒரு பச்சை வட்டம். என்னுடைய முதல் சில வருஷங்கள் முழுக்கத் தெரு ஓரமாகப் பச்சை வட்டம் போடுவதிலேயே போயின. நான் போட்ட வட்டமெல்லாம் மரமாகியிருந்தால் புதுச்சேரிக்காரர்கள் குடையையே மறந்திருப்பார்கள். பிறகு நேரில் போய்ப் பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். அப்போதுதான் என் வட்டங்கள் பலவும் காகிதத்தை விட்டு இறங்கவே இல்லை என்று கண்ணால் கண்டேன். நான் மகிழமரம் என்று வட்டம் போட்ட இடத்தில் ஒரு டீக்கடை நடந்துகொண்டிருந்தது. நல்ல டீதான், குடித்துவிட்டு வந்தேன்.

நட்ட மரத்தைக் காப்பாற்றப் புரமோட்டர்கள் செய்யாத வித்தை இல்லை. வடக்குப் பக்கம் ஒரு மனைப்பிரிவில், யாரும் பிடுங்கிவிடக் கூடாதென்று ஒரு வேப்பங்கன்றுக்கு மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்துவிட்டார் ஒருவர். நல்ல யோசனை என்று நானே பாராட்டினேன். அடுத்த முறை போனபோது துணியோடு சூலம் நின்றது. அதற்கடுத்த முறை தகரக் கூரையும் உண்டியலும் வந்திருந்தன. அதற்கப்புறம் போனபோது ஆடி மாதக் கூழ் ஊற்றுகிறார்கள், தெருவே அடைத்துக் கிடக்கிறது. மரம் மட்டும் பிரமாதமாக இருந்தது. தெருதான் காணவில்லை.

இதையெல்லாம் பார்த்துச் சலித்துப்போயிருந்த நேரத்தில்தான் எங்களுக்கு மேலதிகாரியாக மதாம் செலின் வந்தார். அவர் வீட்டில் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் பிரான்ஸ் குடியுரிமையோடு அங்கேயே போய்விட்டார்கள். இவர் மட்டும் "எனக்கு அங்க குளிரும்" என்று இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டவர். அலுவலகத்தில் பியூன் முதல் எல்லாரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஆண்களை எல்லாம் முசே என்பார். நான் முசே கலியபெருமாள். என் மனைவிக்கு இது தெரிந்து வீட்டிலும் ஒரு வாரம் முசே ஆக்கப்பட்டேன்.

மதாமுடைய ஆய்வே தனி தினுசு. ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடப்பார். புரமோட்டர் போட்டுவைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார மாட்டார், அவர் நீட்டும் கூல்டிரிங்க்ஸைத் தொட மாட்டார். தன் பிளாஸ்கில் பால் இல்லாத காபி கொண்டுவருவார். ஆய்வு எப்போதும் உச்சி வெயிலில். "நெழல் எதுக்கு வேணும்னு அவருக்கும் தெரியணும் இல்ல?" என்பார். புரமோட்டரும் கூடவே நடந்தாக வேண்டும். மதாம் கையில் ஒரு நீளக் கறுப்புக் குடை. அந்த வெயிலிலும் அதை விரிக்க மாட்டார். அதன் முனையை மரத்தின் குழியில் குத்தி, மண் எவ்வளவு ஆழம் வரை இளகியிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு கன்றின் தண்டை இரண்டு விரலால் பிடித்து, குழந்தையின் காதைத் திருகுவதுபோல, மெல்ல ஒரு இழுப்பு. அவ்வளவுதான் ஆய்வு.

இனி தெய்வா அவென்யூ விஷயத்துக்கு வருகிறேன். கருவடிக்குப்பம் பக்கம், தெய்வசிகாமணி என்ற புரமோட்டர் போட்ட மனைப்பிரிவு அது. தெருவின் இரண்டு பக்கமும் மரம் நட்டு, ஒரு மழைக்காலம் தாண்டி அது உயிரோடு நின்றால்தான் இறுதி ஒப்புதல் என்பது நிபந்தனை. முதலில் வந்தவர்கள் சிலருக்குத் தற்காலிகமாக வீடு கட்ட அனுமதி கொடுத்திருந்தார்கள். அவர்கள் கட்டிக் குடியும் வந்துவிட்டார்கள். மரம் மட்டும் வந்தபாடில்லை. எனவே மிச்ச மனைக்காரர்களுக்கு அனுமதியை நிறுத்திவைத்தார்கள். ஆக, வீடு இருக்கிறவர்களுக்கு மரம் வேண்டாம். மரம் வேண்டும் என்கிறவர்களுக்கு வீடு இல்லை.

அப்படி வீடு இல்லாதவர்களில் ஒருவர் நூர்ஜஹான். முத்தியால்பேட்டையில் வாடகை வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். கணவர் பஷீர் பாய்க்குப் பெட்டி, பை ரிப்பேர் கடை. அதிகம் பேசாத மனிதர். அவர் பங்கையும் சேர்த்து நூர்ஜஹானே பேசிவிடுவார். அவர்கள் இருந்த வீட்டின் சொந்தக்காரர் பாரிஸில் வேலை பார்த்து ஓய்வுபெறப் போகிறார், ஊருக்கே வந்து அந்த வீட்டில் இருக்கப் போகிறார், அதற்குள் காலி செய்து கொடுங்கள் என்று தகவல் வந்துவிட்டது. முத்தியால்பேட்டையில் மிஷினோடு வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்கவில்லை. மிஷின் சத்தம் வேண்டாம் என்கிறார்கள். சீட்டுப் போட்டு வாங்கிய மனை கையில் இருக்கிறது, அதில் செங்கல் வைக்க அனுமதி இல்லை. அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து வந்து, வாசலில் இருந்த வாட்ச்மேன் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொடுக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்.

முதல் ஆய்வுக்கு ஆவணி மாதம் போனோம். தெய்வசிகாமணி வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று நின்றார். தெருவின் இரண்டு பக்கமும் புங்கங்கன்றுகள் அணிவகுத்து நின்றன. எனக்கே ஒரு நிமிஷம் சந்தோஷமாகிவிட்டது.

"பேரே அவென்யூ. ரெண்டு பக்கமும் மரம் இருந்தாத்தான் அவென்யூ, முசே" என்றார் மதாம்.

"அதுக்குத்தான் மதாம் வெச்சிருக்கேன்" என்றார் தெய்வசிகாமணி.

மதாம் முதல் கன்றின் காதைத் திருகினார். கன்று வேரோடு, மண்ணோடு, நர்சரியில் கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் பையோடு, எந்தச் சிரமமும் கொடுக்காமல் மேலே வந்தது. "வொய்லா, இதோ!" என்று அதைப் பூங்கொத்து மாதிரி தெய்வசிகாமணி கையில் கொடுத்துவிட்டு அடுத்த கன்றுக்கு நகர்ந்தார். அதுவும் வந்தது. தெருவின் பாதியைக் கடக்கும்போது அந்த மனிதர் இரண்டு கையிலும் கன்றுகளை அணைத்துக்கொண்டு வியர்வையில் நின்றார். ஆய்வு முடிந்ததும் நர்சரிக்கே திருப்பிக்கொடுக்கிற யோசனை என்று பிறகு தெரிந்தது. பையைக் கிழித்தால் நர்சரிக்காரர் திரும்ப வாங்க மாட்டாராம்.

திட்டு வாங்கியதும் தெய்வசிகாமணி ஒழுங்காக நட்டார். நாங்களே பக்கத்தில் நின்று பையைக் கிழிக்கவைத்தோம். சில நாள் கழித்துப் போனால் பாதிக் கன்றுகளைக் காணோம். தெருவாசிகளைக் கேட்டால் எல்லாரும் ஒரே குரலில், "ஆடு சார். இந்தப் பக்கம் ஆட்டுத் தொல்லை தாங்கல" என்றார்கள்.

மதாம் ஒரு வீட்டின் முன்னால் குனிந்து பார்த்தார். கன்று இருந்த குழி தரையோடு தரையாக மூடப்பட்டு, சாணம் தெளித்து, அதன்மேல் அழகான நெளிக்கோலம்.

"நல்ல ஆடு" என்றார். "தின்னுட்டுக் குழியை மூடிட்டுக் கோலமும் போட்டுட்டுப் போயிருக்கு."

அந்த வீட்டுக்காரர் அப்படியே உள்ளே போய்விட்டார். அவர்தான் கணேசன், வங்கியில் இருந்தவர். அவர் மனைவி விசாலாட்சி பள்ளிக்கூட டீச்சர், அந்தத் தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

மதாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் போட்டார். பூங்கா என்று பலகை மட்டும் நட்டிருந்த இடத்தில் எல்லாரும் நின்றோம். வந்தது முழுக்க ஆண்கள். மரம் ஏன் வேண்டாம் என்று ஆளுக்கொரு காரணம். வாசலுக்கு நேராக மரம் வாஸ்துப்படி ஆகாது என்றார் ஒருவர். காமிராவை மறைக்கும் என்றார் இன்னொருவர். காக்கை உட்காரும், கீழே பைக் நிற்கிறது என்றார் ஒருவர். கார் திரும்பாது என்று ஒருவர் கையை வீசிக் காட்டினார்.

"கார் எங்க?" என்றேன்.

"வாங்கப் போறேன் சார்."

யாரும் மரத்துக்கு எதிரி இல்லை என்பதுதான் வேடிக்கை. எல்லாரும் அடுத்த வீட்டு வாசலைக் காட்டி, "அங்க வைங்களேன், ஜம்முனு இருக்கும்" என்றார்கள். மதாம் ஒன்றையும் மறுத்துப் பேசவில்லை. பிளாஸ்கை மூடிக்கொண்டு கிளம்பினார். ஜீப்பில் ஏறும்போது, "முசே, இவங்களுக்குக் காரணமே தெரியல. தெரிஞ்சவங்க யாரும் கூட்டத்துக்கு வரல. நாளைக்கு விடியக்காலையில வரலாம்" என்றார். விடியக்காலை என்றதும் எனக்குக் கொட்டாவி வந்தது. அவர் பார்த்துவிட்டார்.

மறுநாள் வெளிச்சம் வருகிற நேரத்தில் போனோம். தெருவில் ஒரு ஆணும் இல்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் கையில் தொடப்பத்தோடு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். மதாம் விசாலாட்சியிடம் போய், மரத்தைப் பற்றிப் பேசாமல், "தெனமும் இவ்ளோ குப்பையா?" என்று மட்டும் கேட்டார். அணை உடைந்துவிட்டது.

"ஏம்மா கேக்குறீங்க! எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது. பெருக்கித் தண்ணி தெளிச்சிக் கோலமாவை எடுக்குறதுக்குள்ள பக்கத்து வீட்டுக் கன்னுல இருந்து ஒரு எலை வந்து விழுது. எடுத்துப் போட்டா இன்னொண்ணு. இது வளந்து மரமாச்சுன்னா நான் வேலையை விட்டுட்டுத் தொடப்பத்தோடயே நிக்கணும். அதுவும் எங்க பக்கத்து மரத்தோட நெழலு சாயங்காலம் எங்க விழுது பாருங்க, எதிர்வீட்டு மேல. அவங்க ஜம்முனு நாற்காலி போட்டு உக்காருவாங்க. நெழலு அவங்களுக்கு, குப்பை எங்களுக்கா?"

எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, "காலையில எங்க மரத்து நெழலு உங்க வீட்டுல விழும்ல? அப்ப சரியாப் போச்சு" என்றார்.

"காலையில யாருக்கு வேணும் நெழலு?" என்றார் விசாலாட்சி.

சொல்வதில் நியாயம் இருந்தது. கிழக்கு மேற்காகப் பார்த்த வீடுகள். எங்கள் வரைபடத்தில் பச்சை வட்டம் போட்டபோது அதிலிருந்து இலை விழும் என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. பெருக்க நகராட்சி ஆட்கள் வர மாட்டார்களா என்றால், அங்கேதான் சிக்கல். இறுதி ஒப்புதல் கிடைத்தால்தான் தெரு நகராட்சியிடம் போகும், அப்போதுதான் பெருக்க ஆள் வரும். மரம் நின்றால்தான் ஒப்புதல். பெருக்க ஆள் இல்லை என்றால் மரத்தை நிற்கவிட மாட்டார்கள்.

"ஆள் வரட்டும், அப்புறம் மரத்தை வைங்க" என்றார் விசாலாட்சி.

"மரம் வந்தாத்தான் ஆளு வரும்" என்றேன் நான்.

"அப்ப ரெண்டும் வர வேணாம்" என்று உள்ளே போய்விட்டார்.

தெய்வசிகாமணியைப் பிடித்தோம். தெரு நகராட்சிக்குப் போகும்வரை அவரே ஆள் வைத்துப் பெருக்க வேண்டும் என்று மதாம் சொன்னார். கன்றுக்குப் பதிலாக ஆள் உயரத்துக்கு வளர்ந்த புங்கையாகக் கொண்டுவந்து இரும்புக் கூண்டு போட்டு நடவும் சொன்னார். இரண்டையும் செய்தார். மரங்கள் புரட்டாசியில் வந்து இறங்கின. ஆனால் இடம் மாற்றி நட்ட மரம் முதலில் இருக்கிற இலையை எல்லாம் கொட்டிவிடும். அழுது முடித்துவிட்டுத்தான் துளிர்க்கும். பெருக்க வந்த ஆள் இலை கொட்டிய வேகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாளோடு வரவில்லை. மொட்டைக் குச்சிகளாக நின்ற மரங்களைப் பார்த்துத் தெருவே, "செத்துப்போச்சு, புடுங்கிடலாம்" என்று முடிவெடுத்துவிட்டது.

அன்று நூர்ஜஹான் அலுவலகத்துக்கு வந்திருந்தார். மதாம் அவரை உட்காரவைத்து விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். "மரத்தைப் புடுங்கிட்டா இன்னொரு மழைக்காலம் காத்திருக்கணும்மா. என்னால வேற வழி பண்ண முடியாது."

அவர் மடியிலிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "மரத்து மேல அவங்களுக்குக் கோவம் இல்லீங்களே? குப்பை மேலதானே?" என்று கேட்டார்.

"குப்பை மேலதான்."

"சரி மதாம், நான் போய்ட்டு வரேன்" என்று எழுந்துவிட்டார். மனம் உடைந்து போகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்புவதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

அந்த வாரமே கணேசன் போன் செய்தார். குரல் பதறியது. "சார், எங்க தெருவுல ஒரு அநியாயம் நடக்குது. யாரோ ஒரு பாயம்மா தெனமும் விடியறதுக்கு முன்னாடி ஸ்கூட்டர்ல வந்து தெருவையே பெருக்கிட்டுப் போறாங்க. நீங்க உடனே வந்து நிறுத்தணும்."

என் சர்வீஸில் குப்பையைப் பற்றி எத்தனையோ புகார் வாங்கியிருக்கிறேன். தெரு சுத்தமாக இருக்கிறது என்று வந்த புகார் இது ஒன்றுதான். எந்த விதியின் கீழ் நிறுத்துவது என்று தெரியாமல் மதாமிடம் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "ஆலோர், அப்படின்னா போய்ப் பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் நாங்கள் போனபோது சண்டை நடந்துகொண்டிருந்தது. நூர்ஜஹான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீளமான தென்னந்தொடப்பத்தால் சரக் சரக்கென்று பெருக்கிக்கொண்டிருந்தார். விசாலாட்சி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே நின்றார். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"எங்க வாசலை நீங்க எதுக்குப் பெருக்குறீங்க?" என்றார் விசாலாட்சி.

"வாசலைத் தொடலக்கா. கோட்டுக்கு இந்தப் பக்கம் ரோட்டைத்தான் பெருக்குறேன்."

"ரோடுன்னாலும் எங்க வீட்டு முன்னாடிதானே? அடுத்தவங்க வந்து பெருக்குற மாதிரி நாங்க என்ன வக்கத்தா போயிட்டோம்? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க? வெள்ளிக்கிழமை அதுவுமா இன்னொரு கை வந்து எங்க வாசல்ல தொடப்பம் போட்டா வீடு வெளங்குமா?"

"அப்ப நீங்களே பெருக்கிக்கிட்டா நான் வர மாட்டேன்கா."

"நாங்க எதுக்கு அந்த மரத்துக் குப்பையைப் பெருக்கணும்? உங்களுக்கு என்ன அக்கறை இந்தத் தெரு மேல? உங்க வீடா இருக்கு இங்க?"

நூர்ஜஹான் பெருக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தெருக்கோடியில் முள் மண்டிக் கிடந்த தன் மனையைத் தொடப்பத்தாலேயே காட்டினார்.

"இல்லக்கா. வீடுதான் இல்ல. இந்த மரம் நின்னாத்தான் எனக்கு வீடு கட்ட விடுவாங்களாம். இருக்குற வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மிஷினைத் தூக்கிக்கிட்டு எங்க போறதுன்னு தெரியல. பெருக்குறதுக்கு எனக்குன்னு ஒரு வாசல் இருந்தா நான் ஏன்கா உங்க வாசலுக்கு வரேன்?"

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து பெருக்க ஆரம்பித்தார். வருஷக்கணக்காக நான் வட்டம் போட்டதும், மதாம் காதைத் திருகியதும், தெய்வசிகாமணி பிளாஸ்டிக் பையோடு புதைத்ததும் எல்லாம் இந்தப் பெண்ணின் முதுகில்தான் வந்து விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

விசாலாட்சி தன் கேட்டைச் சாத்தினார். பிறகு போய் நூர்ஜஹான் கையிலிருந்த தொடப்பத்தை வெடுக்கென்று பிடுங்கினார். அடிக்கத்தான் போகிறார் என்று நான் பயந்து ஓரடி முன்னால் வைத்தேன். மதாம் குடையை நீட்டி என்னைத் தடுத்தார். விசாலாட்சி அந்த மரத்தடியை, எதிரியைப் பழிவாங்குகிற வேகத்தில், தானே பெருக்கினார். பெருக்கி முடித்துத் தொடப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு எங்க வீட்டுக்கு முன்னாடி நீங்க வரக் கூடாது. சொல்லிட்டேன்."

"நீங்க பெருக்கலைன்னா வருவேன்கா."

"பாத்துடலாம்."

மதாம் என் பக்கம் திரும்பி, "முசே, நமக்கு இங்க வேலை இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடந்ததைப் போட்டி என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் நூர்ஜஹான் வந்தபோது விசாலாட்சி வீட்டு மரத்தடி பெருக்கிக் கிடந்தது. எதிர்வீட்டு அம்மாளுக்கு அதைப் பார்த்துப் பொறுக்கவில்லை, தன் வீட்டு முன்னால் இன்னொருத்தி பெருக்கும்படி விட்டால் மானம் போகும் என்று அவரும் முந்திக்கொண்டார். நூர்ஜஹான் இன்னும் சீக்கிரம் வந்தார். அவர்கள் அதைவிடச் சீக்கிரம் எழுந்தார்கள். ஐப்பசி மழை கொட்டிய நாட்களில்கூட நூர்ஜஹான் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, யார் வீட்டு முன்னால் இலை கிடக்கிறது என்று மேற்பார்வை பார்ப்பாராம். நூர்ஜஹான் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரியும் என்றார் பால்காரர். தூக்கம் கெட்ட கணேசன் மறுபடி எனக்குப் போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

மரங்கள் மழையைக் குடித்துவிட்டுத் தை மாதம் துளிர்த்தன. பளபளவென்று செப்பு நிறத்தில் புங்கந்துளிர். பொங்கல் முடிந்து இறுதி ஆய்வுக்குப் போனோம். தெய்வசிகாமணி பொன்னாடை, சந்தன மாலை, போட்டோகிராபர் சகிதம் காத்திருந்தார். மதாம் எல்லாவற்றையும் தாண்டிப் போய் ஒவ்வொரு மரமாக நின்றார். குடையைக் குத்தினார், தண்டைப் பிடித்து இழுத்தார். ஒன்றும் அசையவில்லை. கடைசியாக விசாலாட்சி வீட்டு முன்னால் நின்ற மரம். அதைக் கொஞ்சம் பலமாகவே இழுத்தார்.

"மெதுவா இழுங்கம்மா. கெளை ஒடஞ்சிடப் போவுது" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

மதாம் கையை எடுத்துவிட்டார். அன்று மத்தியானமே ஒப்புதல் போட்டார். தெய்வசிகாமணி தன் அடுத்த மனைப்பிரிவுக்கு அச்சடித்த நோட்டீஸில் 'நிழல் கொஞ்சும் சாலைகள்' என்று இந்தத் தெருவின் படத்தைப் போட்டுக்கொண்டார். தெரு நகராட்சிக்குப் போனது, பெருக்க ஆள் வந்தார். அவர் ரோட்டின் நடுவே பெருக்கினால் சரி, மரத்தடிக்கு வரக் கூடாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்களாம். அவருக்கென்ன, சந்தோஷம்தான்.

நூர்ஜஹான் அனுமதி கிடைத்த கையோடு கடைக்கால் தோண்டினார். கீழே இரண்டு அறை, முன்னால் மிஷினுக்கு ஒரு சின்ன அறை. பாரிஸ்காரர் வந்து இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஓட்டமாக ஓடி, பூச்சு ஈரம் காயும் முன்னாலேயே பாத்தியா ஓதிப் பால் காய்ச்சிக் குடிபோனார். எங்களையும் அழைத்தார். ஒப்புதல் கொடுத்த இடத்தில் சாப்பிடுவது சரியில்லை என்று மதாம் போகவில்லை. மதாம் போகாததால் நானும் பிரியாணியை இழந்தேன்.

குடிபோன மறுநாளே நூர்ஜஹான் அலுவலகத்துக்கு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"மதாம், ஒரு புகாரு" என்றார்.

மரம் தையல் கடை போர்டை மறைக்கிறது, வெட்டிக் கொடுங்கள் என்று இவரும் ஆரம்பித்துவிட்டாரோ என்று பயந்தேன். மதாமுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா?"

"சொந்த வீட்டுல மொத நாளு. என் வாசலை நான் பெருக்கணும்னு விடியறதுக்கு முன்னாடியே எழுந்து புதுத் தொடப்பத்தை எடுத்துக்கிட்டுக் கதவைத் தொறக்குறேன். பெருக்கிக் கெடக்குது மதாம். மரத்தடி, வாசல், படி எல்லாம். தண்ணிகூடத் தெளிச்சிருக்குது. கோலம் மட்டும் போடல, நாங்க போட மாட்டோம்னு தெரிஞ்சி விட்டிருக்காங்க. விசாலாட்சிக்கா வேலைதான். அந்தப் பக்கம் அவங்க கேட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேற."

சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது அவருக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மதாம் எழுந்து வந்து, யாருக்கும் கொடுக்காத தன் பிளாஸ்க் காபியை மூடியில் ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"இந்தப் புகாருக்கு என்கிட்ட விதி ஒண்ணும் இல்லையே. என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார்.

நூர்ஜஹான் அந்தக் கசப்புக் காபியை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"நாளைக்கு அவங்களுக்கு முன்னாடி எழுந்துடுவேன் மதாம். அவங்க வாசலை முடிச்சிட்டுத்தான் என் வாசலுக்கே வருவேன்."